பற்றவைக்க முடியாத மீத்தேன்: எரிக்காமலே அதைக் கரியமில வாயுவாக்குவது எப்படி?

ஈப்போவிலிருந்து போத்தா வழியாக சித்தியவான் போகும் பழைய சாலையில் வருகிறது ஆயர் தாவார். ஒரு காலத்தில் சாலையின் இரண்டு பக்கமும் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போன அனுபவம், இந்தப் பக்கம் கார் ஓட்டிய எல்லாருக்கும் இருக்கும். அந்தக் குலைகள் போய்ச் சேரும் ஆலைகளுக்குப் பின்னால் வரிசையாகப் பழுப்பு நிறக் குளங்கள் இருக்கும். வெயில் ஏற ஏற அவற்றில் குமிழி எழும்.

அந்தக் குமிழிக்குள் பாதிக்கு மேல் மீத்தேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது. அதைப் பிடித்து எரித்தால் மின்சாரம் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரிந்த கதை. எரிக்கவே முடியாத அளவுக்கு நீர்த்துப்போன மீத்தேனை என்ன செய்வது என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை. விஞ்ஞானிகள் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமானது: தீ வைக்காமலே அதைக் கரியமில வாயுவாக மாற்றிவிடலாம்.

இதைக் கேட்டதும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "கரியமில வாயுவைக் குறைக்கணும்னுதானே உலகமே சொல்லுது? நீங்க அதை உண்டாக்கச் சொல்றீங்களே?"

ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதா?

நியாயமான கேள்வி. கணக்கைப் பார்த்தால் புரியும். 1 கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது சுமார் 80 கிலோவுக்குச் சமம். ஐநாவின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது. ஏன் இரண்டு எண்? மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும். இருக்கும் வரைக்கும் ஆட்டம் பெரிது, பிறகு காலி. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அதனால் எவ்வளவு குறுகிய காலத்தை எடுத்துப் பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு மீத்தேன் மோசமாகத் தெரியும்.

இனி மாற்றத்துக்கு வருவோம். எஸ்பிஎம் வேதியியல் எடுத்தவர்களுக்கு இது சுலபம். மீத்தேனின் மூலக்கூறு எடை 16, கரியமில வாயுவுக்கு 44. அப்படியென்றால் 1 கிலோ மீத்தேன் முழுவதும் மாறினால் 2.75 கிலோ கரியமில வாயு வரும். கூடவே கொஞ்சம் தண்ணீர். 27 கிலோவுக்குச் சமமான சூடு 2.75 கிலோவாக இறங்கிவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் இன்னும் அதிகம்.

செம்பனைக் குளத்து மீத்தேனில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதிலுள்ள கார்பன் பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்தது இல்லை. கொஞ்ச காலத்துக்கு முன்பு அந்த மரத்தின் ஓலை காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கரியமில வாயுதான் பழமாகி, கழிவாகி, குளத்தில் மீத்தேனாக மாறி நிற்கிறது. அதைத் திரும்பக் கரியமில வாயுவாக்கினால் வந்த இடத்துக்கே அனுப்புகிறோம், அவ்வளவுதான். மஞ்சோங் மாவட்டத்தில் பருவநிலை என்று பேச்செடுத்தாலே எல்லாரும் கைகாட்டுவது கடலோரத்தில் நிற்கும் சுல்தான் அஸ்லான் ஷா நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கியைத்தான். அங்கே எரிவது பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பூட்டிக் கிடந்த கார்பன். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிறது, குமிழி தெரிவதில்லை. நம் செய்திகளிலும் அந்தப் பாரபட்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஆலைக்குப் பின்னால் நடப்பது என்ன?

செம்பனைக் குலையை ஆவியில் அவித்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுக்க நிறையத் தண்ணீர் செலவாகும். 1 டன் குலைக்கு அரை கன மீட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியே வரும். சூடாக, பழுப்பாக, எண்ணெயும் நாரும் கலந்து கெட்டியாக இருக்கும். அதை அப்படியே ஆற்றில் விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். அதைத் தடுக்கத்தான் 1977-ல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனிச் சுற்றுச்சூழல் விதிமுறைகள் வந்தன. அதற்கு ஆலைகள் கண்டுபிடித்த மலிவான வழி குளம். கழிவை ஆழமான குளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாரங்கள் தேக்கி வைத்தால், நுண்ணுயிர்களே அதைத் தின்று சுத்தம் செய்துவிடும். சட்டம் தண்ணீரைக் காப்பாற்றியது. காற்றைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஆழமான குளத்தின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து மீத்தேனை வெளியே தள்ளும். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு வரும் என்பது ஆலைப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. அதில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் மீத்தேன். ஒரு நாளைக்கு 600 டன் குலை அரைக்கும் நடுத்தர ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாளைக்கு நாலு டன்னுக்கு மேல் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது நூறு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஒரே ஆலை, ஒரே நாள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குளத்துப் பக்கம் போனால் மூக்கைப் பிடிக்க வைக்கும் அழுகிய முட்டை வாடை மீத்தேன் இல்லை. அது ஹைட்ரஜன் சல்பைடு. அதனால் "இப்போ வாடையே இல்ல, எல்லாம் சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், மீத்தேனும் நின்றுவிட்டது என்று அர்த்தம் கிடையாது. மூக்கு இந்த விஷயத்தில் சாட்சி சொல்லாது.

குளத்துக்கு மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினால் வாயு உப்பி நிற்கும். குழாய் வழியே எடுத்து எஞ்சினில் எரித்தால் மின்சாரம். எஞ்சின் இல்லை என்றால் கம்பத்தின் உச்சியில் சும்மா கொளுத்திவிடலாம், அதுவே பெரிய லாபம். 2014-லிருந்து புதிதாகக் கட்டும் ஆலைகளும், உற்பத்தியைக் கூட்ட விண்ணப்பிக்கும் ஆலைகளும் உயிர்வாயுவைப் பிடிக்கும் வசதியை வைத்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. ஆனால் நாட்டிலுள்ள சுமார் 450 ஆலைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே கட்டப்பட்டவை. 2020 வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஆலைகளில்கூட இந்த வசதி இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திறந்த குளத்தை வைத்திருக்கும் ஆலைக்கு முதல் வேலை மூடுவதுதான். கீழே வரும் பாக்டீரியாவும் வினையூக்கியும் அதற்கு மாற்று இல்லை.

நூற்றுக்கு ஐந்து என்ற கோடு

சரி, எல்லாக் குளத்தையும் மூடிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மிச்சம் இருக்கும். மூடிய குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் கரைந்த மீத்தேன் இருக்கும். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் மீத்தேன் எரியாமல் புகையோடு நழுவும். பழைய குப்பைமேடுகள், நெல்வயல், மாட்டுக் கொட்டகை எல்லாம் தனி.

இவற்றை ஏன் எரிக்க முடியாது? காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அது பற்றும். 15-க்கு மேல் போனால் ஆக்சிஜன் போதாது. 5-க்குக் கீழே போனால் ஒரு மூலக்கூறு எரிந்து தரும் சூடு பக்கத்து மூலக்கூறைப் பற்றவைக்கப் போதாது. தீக்குச்சியை உரசி உள்ளே போட்டாலும் அணைந்துவிடும். சமையலறையில் கேஸ் லேசாகக் கசிந்தால் உடனே வெடிக்காததும், கதவை மூடி வைத்துச் சேரவிட்டால் வெடிப்பதும் இதே மாதிரியான ஒரு கோட்டினால்தான்.

பூமியிலிருந்து காற்றில் கலக்கும் மீத்தேனில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. குளத்துக் குமிழிக்குள் 60 விழுக்காடாக இருந்தது, குமிழி உடைந்து காற்றடித்த சில நொடிகளில் ஒரு விழுக்காடுகூட இல்லாமல் கரைந்து போகிறது.

நாசி லெமாக் எரிவது எப்படி?

"எரிக்காமல் கரியமில வாயுவாக்குவது" என்பது மாயம் மாதிரி தோன்றலாம். ஆனால் இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்கில் உள்ள கார்பன், மத்தியானத்துக்குள் மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாக வெளியே போகிறது. அதே அரிசியையும் தேங்காயெண்ணெயையும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினாலும் அதே கரியமில வாயுதான், அதே அளவு சூடுதான். வித்தியாசம் என்ன? உடம்பு அதை 37 டிகிரியில், சிறு சிறு படியாகச் செய்கிறது. இரும்பு துருப்பிடிப்பதும் அப்படித்தான். ஆக்சிஜனோடு சேர்வதற்குத் தீ ஒரு வழி, ஒரே வழி இல்லை.

மீத்தேன் விஷயத்தில் சிக்கல், அது படு பிடிவாதமான மூலக்கூறு. நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் சமமாக நான்கு ஹைட்ரஜன். பிடிக்க ஒரு மூலை கிடையாது, மின்னூட்டம் ஒரு பக்கம் கூடிக் குறைவதும் கிடையாது. அந்த முதல் ஹைட்ரஜனைக் கழற்றுவதுதான் கஷ்டம். அது கழன்றுவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். தீ அதைச் சூட்டின் பலத்தால் உடைக்கிறது. தீ இல்லாமல் உடைக்க, கையில் ஆக்சிஜனோடு தயாராகக் காத்திருக்கும் ஏதோ ஒன்று வேண்டும்.

மீத்தேனைத் தின்னும் உயிர்கள்

அந்தக் கையை மனிதனுக்கு வெகு காலம் முன்பே கண்டுபிடித்துவிட்டவை பாக்டீரியாக்கள். 1906-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் சோன்கென் என்ற நுண்ணுயிரியலாளர், மீத்தேனை மட்டுமே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வேறு சாப்பாடே தேவையில்லை. மீத்தேன், ஆக்சிஜன், கொஞ்சம் உப்புச்சத்து போதும்.

அதன் உடலில் உள்ள ஒரு நொதி, செம்பு அணுக்களை வைத்து மீத்தேனுக்குள் ஓர் ஆக்சிஜனைச் செருகிவிடுகிறது. முதல் படியில் மெத்தனால். அடுத்து ஃபார்மால்டிஹைடு. அதற்கடுத்து ஃபார்மிக் அமிலத்தின் உப்பு. கடைசியில் கரியமில வாயு. இந்த மூன்றாவது பெயர் நமக்குப் பழக்கமானது. பால்மரத் தோட்டத்தில் தாத்தா பாட்டி வெட்டிக்கொண்டு வந்த பாலை உறைய வைக்க ஊற்றியது இதே ஃபார்மிக் அமிலத்தைத்தான். தோட்டத்துப் பெரியவர்கள் யாரிடமாவது கேளுங்கள், அந்தக் காட்டமான நெடியை இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

பாக்டீரியா தின்னும் மீத்தேன் முழுவதும் கரியமில வாயுவாவதில்லை. ஒரு பகுதி அதன் உடம்பாகவே மாறிவிடும். பருவநிலைக் கணக்குக்கு அதுவும் லாபம்தான்.

இவை எங்கே இருக்கின்றன? நம் காலடியில். மீத்தேன் கீழிருந்து வரும், காற்று மேலிருந்து இறங்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் இவை குடியிருக்கும். இன்னும் சில வகைகள் சாதாரணக் காற்றில் உள்ள துளி மீத்தேனையே இழுத்து வாழ்பவை. காட்டு மண் இப்படிச் சத்தமில்லாமல் மீத்தேனை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. உலகம் முழுவதும் மண் உறிஞ்சும் அளவு ஆண்டுக்கு சுமார் 30 மில்லியன் டன். தோட்டமாக்கினால் என்ன ஆகும் என்று நமக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, காட்டை அழித்து ரப்பரும் செம்பனையும் நட்ட மண், காட்டு மண்ணைவிடக் குறைவாகவே மீத்தேனை உறிஞ்சுகிறது. காட்டை வெட்டினால் மரம் மட்டும் போவதில்லை, மரத்தடியில் இருந்த இந்தச் சேவையும் குறைந்துபோகிறது. பேராக்கில் நூறு ஆண்டுக்கு மேலாகத் தோட்டம் போட்ட மண்ணுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது தகும்.

நெல்வயலில் இந்த நாடகம் இன்னும் நெருக்கமாக நடக்கிறது. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் மீத்தேன் உருவாகும். நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியே அது உறிஞ்சுகுழலில் ஏறுவதுபோல மேலே ஏறி வெளியேறும். அதே குழாய் வழியே ஆக்சிஜன் வேருக்கு இறங்கும். அந்த வேரோரத்தில்தான் மீத்தேன் தின்னும் பாக்டீரியா காத்திருக்கிறது. உருவான மீத்தேனில் கணிசமான பங்கை வெளியே விடாமல் அங்கேயே முடித்துவிடுகிறது. இந்தியாவின் புனே நகரில் உள்ள அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் மோனாலி ரஹால்கர் குழுவினர் நெல்வயல்களிலிருந்து இப்படிப்பட்ட பல பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பார்ப்பதற்கு வெள்ளரிக்காய் மாதிரி இருப்பதால், மெத்திலோகுக்குமிஸ் ஒரைசே என்று வெள்ளரிக்காயின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஒரைசே என்றால் நெல்லுக்குரியது.

விவசாயி செய்யக்கூடியது எளிது: வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், இடையிடையே வடியவிட்டு மறுபடி பாய்ச்சுவது. காற்று உள்ளே போனதும் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் அடங்கும், தின்னும் உயிர்கள் எழும். ஒரு எச்சரிக்கை உண்டு. உரம் அதிகம் போட்ட மண் இப்படி நனைந்து காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு வரலாம். அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடாக்கும். ஆகவே தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது, உரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குப்பைமேட்டுக்கு ஒரு போர்வை

பாக்டீரியாவை வேண்டுமென்றே வேலைக்கு வைப்பதில் உலகம் அதிகம் முன்னேறியிருப்பது குப்பைமேடுகளில்தான். புதிய குப்பைமேட்டில் வாயு தடிப்பாக வரும், குழாய் போட்டு எடுத்து எரிக்கலாம். மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகு வாயு மெலிந்துவிடும். சுடர் நிற்காது, அணைந்து அணைந்து போகும். ஆனால் மீத்தேன் வருவது மட்டும் இன்னும் பல ஆண்டுகள் நிற்காது. ஈப்போவின் குப்பையைப் பல்லாண்டு சுமந்த பெர்ச்சாம் மாதிரியான இடம் எந்த நகரத்துக்கும் ஒன்று இருக்கும்.

அதற்கான வைத்தியம், குப்பைமேட்டின் மேல் உயிர்ப்போர்வை போடுவது. முதலில் சரளைக்கல் அடுக்கு, வாயு ஒரே இடத்தில் பீறிடாமல் பரவுவதற்கு. அதற்கு மேல் ஒரு மீட்டர் அளவுக்கு நன்றாக மக்கிய உரம். வாயு அதன் வழியே மெதுவாக மேலே வரும்போது பாக்டீரியா தின்றுவிடும். டென்மார்க்கில் பழைய குப்பைமேடுகளில் இப்படிப் போர்வை போட அரசாங்கமே மானியம் கொடுத்தது. நம் நாட்டில் மலாயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகமுத்து பரியதம்பியின் குழு, வெவ்வேறு வகை கரிமக் கழிவுகளை மூடுமண்ணாகப் போட்டு எது மீத்தேனை அதிகம் குறைக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறது.

இதில் நமக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். பெரும்பாலான மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த சூடு 25 முதல் 35 டிகிரி. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் அவை சோம்பிவிடும். ஆயர் தாவாரில் வருஷம் முழுவதும் அவற்றுக்கு நல்ல காலம்தான். பாதகம் மழை. சாயங்கால மழை கொட்டி உரம் ஊறிவிட்டால் காற்று உள்ளே போகாது, பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டால் வாயு அந்த வெடிப்பு வழியே தப்பிவிடும். ஆகவே அங்கே செய்ததை இங்கே அப்படியே போட்டால் வேலை செய்யாது, வடிகால் சரிவைத்தான் முதலில் சரியாகப் போட வேண்டும்.

போர்வைக்கான மூலப்பொருள் நம்மிடம் தாராளமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலைக்கு வரும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பழம் உதிர்த்த பிறகு வெற்றுக் குலையாக மிஞ்சுகிறது. பல ஆலைகள் ஏற்கெனவே அதை மக்க வைத்து உரமாக்குகின்றன.

பாக்டீரியாவுக்கும் எல்லை உண்டு. மிக மெலிந்த மீத்தேனில் பெரும்பாலானவை பசியில் வாடும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேரி லிட்ஸ்ட்ராம் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், காற்றின் மில்லியன் பங்கில் 200 பங்கே மீத்தேன் இருந்தாலும் வளரக்கூடிய ஒரு வகையைக் காட்டினார்கள். 200 பங்கு என்றால் 0.02 விழுக்காடு. மாட்டுக் கொட்டகை, கழிவுக் குளத்தின் கரை போன்ற இடங்களின் காற்றை நினைத்துச் செய்த வேலை அது.

சூடான கல், செம்புத் தூள்

உயிரில்லாத வழிகளும் உண்டு. இவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் நம் ஊர்க் குளத்துக்கு இவை உடனே வரப்போவதில்லை.

நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்தைத் தவிர்க்க ராட்சத விசிறிகளால் காற்றை வெளியே தள்ளுவார்கள். அதில் மீத்தேன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007-ல் இதற்கென ஒரு நிலையம் திறந்தார்கள். சுமார் 1,000 டிகிரிக்குச் சூடேற்றிய பீங்கான் கற்படுகை வழியே அந்தக் காற்று போகும். சுடர் எதுவும் தெரியாது. கல்லின் சூட்டிலேயே மீத்தேன் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், அது தரும் சூடு கல்லை அடுத்த மூச்சுக்குச் சூடாக வைக்கும். மிச்சச் சூட்டில் 6 மெகாவாட் மின்சாரமும் எடுத்தார்கள்.

இன்னொன்று வினையூக்கி. உங்கள் காரின் அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், திருடர்கள் அறுத்துக்கொண்டு போவதாகச் செய்தி வருமே, அதுவேதான். அதிலுள்ள பல்லேடியம் போன்ற உலோகங்கள், சுடருக்குத் தேவையான சூட்டில் பாதிகூட இல்லாமல் மீத்தேனை மாற்றக்கூடியவை. விலைதான் அதிகம். அதனால் எம்ஐடி-யில் டெசிரே பிளாட்டா குழு மலிவான பொருளுக்குப் போனது: பூனை மலத்தை அள்ளப் பயன்படுத்தும் மணலில் உள்ள ஜியோலைட் என்ற கனிம வகை, அதில் கொஞ்சம் செம்பு. சுமார் 300 டிகிரியில் வேலை செய்கிறது. பாக்டீரியாவும் செம்பைத்தான் நம்பியிருக்கிறது என்பது ஞாபகம் இருக்கும். இதற்கு எதிரிகள் ஈரப்பதமும் கந்தகமும். செம்பனைக் குளத்து வாயுவிலோ இரண்டும் நிறைய. அந்த அழுகிய முட்டை வாடை வாயு வினையூக்கியின் மேல் படிந்து அதை முடக்கிவிடும்.

அப்போ, காற்றிலிருந்தே இழுத்துவிடலாமே?

இணையத்தில் அடிக்கடி கேட்கப்படும் யோசனை இது. சாதாரணக் காற்றில் மீத்தேன் மில்லியன் பங்கில் இரண்டு பங்குகூட இல்லை, சுமார் 1.9. அதிலிருந்து 1 டன் மீத்தேனைப் பிடிக்க ஏறக்குறைய 800 மில்லியன் கன மீட்டர் காற்றை ஒரு கருவி வழியே ஊத வேண்டும். விசிறி ஓட்டும் மின்சாரத்துக்கே லாபம் எல்லாம் போய்விடும். அரை விழுக்காடு மீத்தேன் உள்ள இடத்தில் அதே 1 டன்னுக்குச் சுமார் 3 லட்சம் கன மீட்டர் போதும். மீத்தேனை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வானத்தில் அந்த வேலையை ஏற்கெனவே ஒன்று இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. சூரிய ஒளி, ஓசோன், நீராவி மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு, ஒரு நொடிகூட நிலைக்காது. ஆனால் காற்றுக்குப் போகும் மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்கை அதுதான் கரியமில வாயுவாக்குகிறது. வெயிலும் ஈரமும் அதிகமான வெப்பமண்டலத்தில், அதாவது நம் தலைக்கு மேலேயே, இந்த வேலை மும்முரமாக நடக்கிறது. அந்தத் துப்புரவின் வேகத்தைவிட நாம் வேகமாக அனுப்புகிறோம். தொழிற்புரட்சிக்கு முன் 0.7 பங்காக இருந்தது 1.9 ஆனது அப்படித்தான்.

காசு யார் கொடுப்பது?

தடிப்பான மீத்தேனை எரித்தால் விற்க மின்சாரம் கிடைக்கும். அதை மின்கட்டமைப்புக்கு விற்க 2011-ல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வழி செய்தது. ஆனால் சில பழைய ஆலைகள் மின்கம்பியிலிருந்து வெகு தூரம், இணைப்புச் செலவே கட்டுப்படியாகாது. மெலிந்த மீத்தேனில் அந்த வருமானமும் கிடையாது. பாக்டீரியா தின்றுவிட்ட மீத்தேனை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

மிஞ்சுவது கார்பன் வரவுகள். 2022 டிசம்பரில் பூர்சா மலேசியா தன்னார்வ கார்பன் சந்தையைத் தொடங்கியது. ஆனால் விற்க வேண்டுமென்றால் எவ்வளவு குறைந்தது என்று நிரூபிக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் குழாயில் மீட்டர் வைத்தால் எண் வந்துவிடும். இருபது ஏக்கர் குப்பைமேட்டிலோ திறந்த குளத்திலோ மீட்டர் எங்கே வைப்பது? மண் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் மீத்தேனுக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, அதை நூறு இடத்தில், மழையிலும் வெயிலிலும் திரும்பச் செய்ய வேண்டும். போர்வையைவிட அளப்பதற்கு அதிகச் செலவாகும் நிலைமைகூட வரலாம்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் உலக மீத்தேன் வெளியேற்றத்தை 2020 அளவிலிருந்து 30 விழுக்காடு குறைப்பது என்ற உறுதிமொழியில் மலேசியாவும் சேர்ந்தது. அது உலகம் முழுவதற்குமான கூட்டு இலக்கு, தனித்தனி ஆலைக்கு அதில் கெடு எதுவும் இல்லை. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கார்பன் வரி 2026-க்குள் வரும் என்று அறிவித்தபோது, முதலில் பெயர் சொன்ன துறைகள் இரும்பு, எஃகு, எரிசக்தி. செம்பனை ஆலைகளின் குளங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 2014-க்கு முன் கட்டி, அதன் பிறகு உற்பத்தியைக் கூட்டாத ஆலைக்கு, குளத்தை மூடு என்று சொல்ல அந்த வாரிய விதியிலும் இடமில்லை.